கறுப்புத் தூள் செய்யும் பெங்களூர் நண்பர்களுக்கு

ஜக்கூரின் ஆய்வுக்கூடங்களிலும் பீன்யாவின் பட்டறைகளிலும் இருந்துகொண்டு, பேட்டரிக்கென்று கிராஃபீன் தயாரிக்க முனைந்திருக்கும் ஆய்வு மாணவர்கள், பொறியாளர்கள், சிறு தொழில்முனைவோர் அனைவருக்கும் இந்த மடல்.

செல் தயாரிக்கும் நிறுவனமொன்றின் கொள்முதல் பொறியாளர் மேசைக்கு ஒரு பை கறுப்புத் தூள் வருகிறது. ‘கிராஃபீன், தூய்மை 99 சதவீதம்’ என்று பைமேல் ஒட்டியிருக்கிறது. நல்ல கிராஃபைட்டிலும் கரி 99 சதவீதம் இருக்கும் என்பதால் அந்த எண் அவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவர் கேட்பதெல்லாம் வேறு. ஏடுகள் எத்தனை அடுக்கு? மேற்பரப்பில் ஆக்சிஜன் எவ்வளவு? ஒரு கிராமின் பரப்பு எவ்வளவு? முதல் சார்ஜில் உள்ளே போன லித்தியத்தில் எவ்வளவு திரும்பி வந்தது? போன மாதப் பையும் இந்த மாதப் பையும் ஒன்றுபோல் இருக்குமா? இம்மடல் சொல்ல வருவது இந்தக் கேள்விகளைப் பற்றித்தான். பேட்டரிக்காரர் காசு கொடுப்பது தூளின் மேற்பரப்பில் நீங்கள் செய்திருக்கும் வேலைக்கு. அந்த வேலைக்குக் கணக்குக் காட்டாத பையை எவரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார், வாங்கவும் கூடாது.

பெங்களூருக்கு இது புதிய சங்கதி இல்லை. மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்தன்தின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து ஒற்றை ஏட்டைப் பிரித்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. நான்கே ஆண்டுகளில், 2008 ஜனவரியில், இந்திய அறிவியல் அகாதெமி பெங்களூரிலிருந்து நடத்தும் வேதியியல் ஆய்விதழில் வேதியியலாளர் சி.என்.ஆர். ராவின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. கிராஃபீனை மூன்று வழிகளில் செய்து, சூப்பர்கெப்பாசிட்டருக்கு மின்முனையாக வைத்துப் பார்த்திருந்தார்கள். கிராஃபைட் ஆக்சைடைச் சூடாக்கி உரித்தது ஒன்று. நானோ வைரத்தைக் கடும் வெப்பத்தில் மாற்றியது இன்னொன்று. மூன்றாவது, நிக்கல் துகள்கள்மேல் கற்பூரத்தைச் சிதைத்து எடுத்தது. சாமிக்கு ஏற்றும் அதே கற்பூரம்தான். போட்டியில் கற்பூரம் பின்தங்கிவிட்டது. மற்ற இரண்டும் கந்தக அமிலக் கரைசலில் கிராமுக்கு 117 ஃபாரட் வரை எட்டின. அயனித் திரவத்தில் 3.5 வோல்ட் வரை ஏற்றியபோது கிலோவுக்கு 31.9 வாட்-மணி ஆற்றல் கிடைத்தது. அன்றைக்கு உலகில் பதிவான மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று.

அடுத்த ஆண்டு அதே குழு இன்னொரு வழியைக் காட்டியது. ஹைட்ரஜன் நிரப்பிய கலத்துக்குள் இரண்டு கிராஃபைட் தண்டுகளுக்கிடையே மின்வில் எழுப்பினார்கள். ஏட்டின் ஓரத்தில் தொங்கும் பிணைப்புகளை ஹைட்ரஜன் அடைத்துவிடுவதால் ஏடுகள் சுருண்டு குழாயாகாமல் தட்டையாகவே படிந்தன. கலத்தில் டைபோரேன் வாயுவைச் சேர்த்தால் போரான் ஏறிய கிராஃபீன். பிரிடின் ஆவியைச் சேர்த்தால் நைட்ரஜன் ஏறிய கிராஃபீன். ஏடு செய்வதும் அதன் தன்மையை மாற்றுவதும் ஒரே கலத்தில் முடிந்தன. உங்களில் பலர் இன்று திட்ட அறிக்கையில் எழுதும் ‘மேற்பரப்பு மாற்றிய கிராஃபீன்’ ராவின் ஜக்கூர் ஆய்வகத்தில் 2009-லேயே சோதனைக் குழாயில் இருந்தது.

ஆனால் சூப்பர்கெப்பாசிட்டரில் கிடைத்த பாராட்டை அப்படியே பேட்டரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள்.

சூப்பர்கெப்பாசிட்டரில் மின்னூட்டம் மேற்பரப்பில் தங்குகிறது. பரப்பு கூடக் கூட லாபம். ஒற்றை ஏட்டுக் கிராஃபீனின் கணக்குப்படியான பரப்பு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர். நம்மூர் அளவில் 65 சென்ட் நிலம். ஒரு கிராம் தூளுக்குள் 65 சென்ட் என்றால் கெப்பாசிட்டர்காரர் மகிழ்வார். லித்தியம் பேட்டரிக்காரர் பதறுவார். ஏனென்றால் முதல் சார்ஜில் எலெக்ட்ரோலைட் கொஞ்சம் சிதைந்து, ஆனோடின் பரப்பு முழுக்க ஒரு மெல்லிய படலமாகப் போர்த்திக்கொள்ளும். அந்தப் படலம் வேண்டும். அது இல்லாவிட்டால் எலெக்ட்ரோலைட் ஓயாமல் சிதைந்துகொண்டே இருக்கும். ஆனால் அதைச் செய்ய லித்தியம் செலவாகிறது, செலவான லித்தியம் திரும்புவதில்லை. பேட்டரிக்கென்று உருட்டிய கிராஃபைட் துகளின் பரப்பு கிராமுக்குச் சில சதுர மீட்டர்தான்; அதை வேண்டுமென்றே அப்படிக் குறைத்து வைக்கிறார்கள். அந்த இடத்தில் பல நூறு சதுர மீட்டர் பரப்புள்ள தூளைக் கொட்டினால் முதல் சார்ஜிலேயே லித்தியத்தில் பாதி படலத்துக்குப் போய்விடும்.

ஆய்வுக் கட்டுரைகளில் இது எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிராஃபைட் ஆனோடின் உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி. கிராஃபீன் கட்டுரைகளின் தலைப்பில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எண்கள் சாதாரணம். அவற்றில் பெரும்பாலானவை காயின் செல்லில் எடுத்தவை. சட்டைப் பொத்தான் அளவுள்ள அந்தச் செல்லில் எதிரே வைப்பது லித்தியம் உலோகத் தகடு. வேண்டிய மட்டும் லித்தியம் அங்கே கிடக்கிறது. எவ்வளவு வீணானாலும் செல் ஓடும். ஸ்கூட்டரில் போகும் செல்லில் லித்தியம் முழுவதும் கேத்தோடிலிருந்து வர வேண்டும். முதல் நாளே பாதியை இழந்தால் மிச்ச ஆயுள் முழுக்கப் பாதிச் செல்தான். ஆகவே உங்கள் தகவல் தாளில் முதல் சுற்றின் மீட்பு எத்தனை சதவீதம் என்பது முதல் வரியாக வரட்டும். காயின் செல்லில் மட்டும் எடுத்த எண்ணென்றால் அதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

அப்படியானால் மேற்பரப்பை ஏன் மாற்ற வேண்டும்? சும்மா விட்டால் ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்து மறுபடியும் கிராஃபைட்டாகிவிடும். மழைக்காலத்தில் அப்பளக் கட்டு ஒட்டிக்கொள்கிறதே, அப்படி. அப்பளம் இடுபவர்கள் நடுவில் மாவு தூவுவார்கள். இங்கே அந்த வேலையை ஆக்சிஜன் குழுக்களோ அமீன்களோ ஏட்டில் தொற்றிக்கொள்ளும் வேறு மூலக்கூறுகளோ செய்கின்றன. அவை இருந்தால்தான் தூள் கரைப்பானில் பிரிந்து மிதக்கும், பிற துகள்களோடு கலக்கும், அவற்றைப் பற்றிக்கொள்ளும். ஆனால் ஆக்சிஜன் ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும் கரியின் பிணைப்பு மாறி, மின்னோட்டத்துக்கு அது ஒரு மேடாகிவிடுகிறது. நன்றாக ஆக்சிஜன் ஏறிய கிராஃபீன் ஆக்சைடு கறுப்பாகக்கூட இருக்காது, பழுப்பு நிறம். மின்சாரத்தையும் கடத்தாது. பிரிந்து நிற்கவும் வேண்டும், மின்சாரம் ஓடவும் வேண்டும் என்பதால், எவ்வளவு ஒட்டுவது, ஏட்டின் நடுவிலா ஓரத்திலா, எந்தக் கட்டத்தில் எவ்வளவைத் திரும்ப நீக்குவது என்பதே உங்கள் தொழிலின் சூட்சுமம்.

சிலிக்கானோடு சேர்க்கும்போது இது நன்றாகத் தெரியும். சிலிக்கான் லித்தியத்தை ஏராளமாக வாங்கிக்கொள்ளும். கிராமுக்கு 3,500 மில்லி ஆம்பியர்-மணிக்கும் மேல். ஆனால் வாங்கும்போது கிட்டத்தட்ட நான்கு மடங்கு பருமனாக ஊதும், கொடுக்கும்போது சுருங்கும். சில பத்துச் சுற்றுகளில் துகள் பிளந்து மின்தொடர்பு அறுந்துபோகும். அதைக் கிராஃபீன் ஏட்டால் போர்த்தினால், துகள் உள்ளே உடைந்தாலும் ஏடு தொடர்பைப் பிடித்து வைத்திருக்கும். போர்த்துவது எப்படி? கிராஃபீன் ஆக்சைடு தண்ணீரில் எதிர் மின்னூட்டத்தோடு மிதக்கிறது. சிலிக்கான் துகளின்மேல் அமினோ சிலேன் ஒன்றைப் பூசினால் அதற்கு நேர் மின்னூட்டம் வந்துவிடும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கினால் ஏடுகள் தாமாகவே துகளைச் சுற்றிக்கொள்கின்றன. பிறகு சூடாக்கி ஆக்சிஜனை நீக்கினால் ஏட்டில் மின்சாரம் ஓடும். கிராஃபீனுக்கு எடைக்கு எடை விலை கேட்பதில் இங்கே நியாயம் இருக்கிறது.

நைட்ரஜனும் அப்படித்தான். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் புளிக்கல் அஜயன் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரஜன் ஏறிய கிராஃபீன் படலம் சாதாரணக் கிராஃபீனைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு லித்தியத்தை மீட்கும்படி பிடித்துவைத்தது. நைட்ரஜன் ஏறியதால் உண்டான மேற்பரப்புக் குறைகளே காரணம் என்றார்கள். குறையைக் குறையாகவே வைத்துப் பயன் எடுப்பது எளிய வேலை இல்லை. ஒவ்வொரு தொகுப்பிலும் அதே அளவு குறை வர வேண்டும். பட்டறை அளவில் பெரும்பாடு அதுதான்.

இனி தயாரிப்புக்கு வருவோம். உங்களில் முக்கால்வாசிப் பேர் ஹம்மர்ஸ் முறையைப் பிடித்திருக்கிறீர்கள். கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றுவது 1859-ல் பெஞ்சமின் பிராடி தொடங்கிவைத்த வேலை. 1958-ல் வில்லியம் ஹம்மர்ஸும் ரிச்சர்ட் ஆஃபெமனும் அதைச் சில மணி நேரத்தில் முடியும் வேலையாக்கினார்கள். பனிக்கட்டி நடுவே வைத்த பாத்திரத்தில் அடர் கந்தக அமிலம், கிராஃபைட், சோடியம் நைட்ரேட். அதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் வெப்பம் ஏறும்; அமிலத்தில் உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு 55 டிகிரியைத் தாண்டினால் வெடிக்கக்கூடியது. கலவை பச்சை கலந்த கறுப்பாகிப் பிசினாகக் கெட்டிப்படும். தண்ணீர் விட்டதும் கொதிநிலைக்கு ஏறிப் பழுப்பாகும். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு விழுந்ததும் நுரைத்து, பாத்திரம் முழுக்கப் பளிச்சென்று மஞ்சளாகும். முதன்முறை பார்ப்பவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் தலைவலி ஆரம்பம். அந்த மஞ்சள் கூழைக் கழுவ வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவி மாங்கனீசை எடுத்துவிட்டு, அப்புறம் தண்ணீரால். அமிலம் குறையக் குறைய ஏடுகள் தண்ணீரைக் குடித்து உப்பி ஜெல்லாகும். வடிதாளின் கண்களை அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட இறங்காது. சென்ட்ரிஃபியூஜ் இல்லாத பட்டறையில் இது நாள்கணக்கில் இழுக்கும். பொறுமை இழந்து பாதியில் உலர்த்தினால் பொட்டாசியம் உப்பு தூளிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கிய உப்போடு இருக்கும் கிராஃபீன் ஆக்சைடு சூடு பட்டால் தானே பரவி எரியக்கூடியது. அடுப்பில் வைத்த தூள் ‘புஸ்’ஸென்று கிளம்பி அறை முழுக்கக் கரியாவதைச் சிரித்துக்கொண்டே விவரிக்கும் மாணவர்கள் உண்டு. கிராம் கணக்கில் அது வேடிக்கை, கிலோ கணக்கில் தீ விபத்து.

1958 கட்டுரையின் அளவுகளையே எடுத்துக்கொள்ளலாம். 100 கிராம் கிராஃபைட்டுக்கு 2.3 லிட்டர் கந்தக அமிலம், 300 கிராம் பெர்மாங்கனேட், கடைசியில் 14 லிட்டர் வரை தண்ணீர். ஒரு கிலோ கிராஃபைட்டுக்குக் கணக்கிட்டால் 23 லிட்டர், எடையில் 42 கிலோ அமிலம். 3 கிலோ பெர்மாங்கனேட். கழுவத் தொடங்கும் முன்பே 140 லிட்டர் அமிலத் தண்ணீர். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ செய்யும் பட்டறை தினமும் எத்தனை டேங்கர் கழிவுநீரை எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறது?

பெங்களூரில் இந்தக் கேள்விக்குப் பழைய கதை இருக்கிறது. முலாம் பூசும் பட்டறைகளின் குரோமியம் பீன்யாவின் நிலத்தடி நீரில் இறங்கியது உங்களுக்குத் தெரியும். நகரத்தின் மேற்குப் பக்கக் கழிவு விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு வருகிறது. கிழக்குப் பக்கக் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலைபோல் எழும்பும் படங்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் போடுகின்றன. தண்ணீருக்கு மாநில எல்லை தெரியாது என்பதை அணைக்குக் கீழே தக்காளி போடுபவரைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார். மின்வாகனத்துக்குத் ‘தூய’ பொருள் தருகிறோம் என்று விளம்பரம் செய்துவிட்டு மாங்கனீசு கலந்த அமிலத்தை மழைநீர்க் கால்வாயில் விடுவது நடக்கக் கூடாது. அமிலத்தை மீட்கும் ஏற்பாட்டின் செலவைச் சேர்த்துக் கட்டுப்படியாகும் விலை எதுவோ, அதைத்தான் கிலோ விலை என்று சொல்ல வேண்டும்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. தென்கொரியாவின் உல்சான் நகரில் ஜோங்-பியோம் பேக் குழு 2012-ல் காட்டிய முறை பட்டறைக்காரர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். கிராஃபைட்டையும் உலர் பனியையும் பால் மில்லில் போட்டு 48 மணி நேரம் ஓட்டினார்கள். குண்டுகள் மோதி ஏடுகள் உடையும்போது, உடைந்த ஓரத்தில் கார்பன் டை ஆக்சைடு ஒட்டிக்கொண்டு கார்பாக்சில் குழுவாகிறது. ஏட்டின் நடுப்பகுதி கெடாமல் இருப்பதால் மின்சாரம் ஓடும். ஓரத்தில் குழுக்கள் இருப்பதால் கரைப்பானில் பிரியும். கந்தக அமிலமும் வேண்டாம், பெர்மாங்கனேட்டும் வேண்டாம். பால் மில்லை வடிவமைத்துச் செய்துதரும் கைகள் பீன்யாவில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இதில் ஏடு சிறுத்துப்போகும், ஒற்றை ஏடு குறைவாகவே வரும் என்பவை உண்மையான குறைகள். மின்முனையில் கடத்தும் சேர்மானமாகப் போடுவதற்கு அவை பெரிய தடையாக இருக்காது.

சென்னை ஐ.ஐ.டி.யில் எஸ். ராமபிரபுவின் குழு வேறு திசையில் போனது. கிராஃபைட் ஆக்சைடை உரிக்க வழக்கமாக ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுவார்கள். அவர்கள் 2010-ல் ஹைட்ரஜன் சூழலில் 200 டிகிரியிலேயே உரித்தார்கள். அடுத்த ஆண்டு இன்னும் எளிதாக, குவிலென்ஸ் பிடித்து வெயிலைத் தூளின்மேல் குவித்தே உரித்துக் காட்டினார்கள். சென்னை வெயிலுக்கு இப்படியும் ஓர் உபயோகம் கிடைத்தது. ஆக்சைடு செய்யும் அமிலப் பிரச்சினையை அது தீர்க்கவில்லை. ஆனால் உலையின் மின்கட்டணம் பற்றிப் புலம்புபவர்கள் அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கலாம்.

மூலப்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. சீனா 2023 டிசம்பர் 1 முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயம் என்று ஆக்கியது. உலகின் ஆனோடு கிராஃபைட்டில் மிகப் பெரும்பகுதி அங்கே பதப்படுத்தப்படுவதால் உலகமே திரும்பிப் பார்த்தது. கர்நாடகத்திலேயே பெல்லாரிப் பக்கம் எப்சிலன் நிறுவனம் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைக் கிராஃபைட் ஆனோடு செய்கிறது. இயற்கைக் கிராஃபைட் உங்களுக்கு ஓர் இரவுப் பேருந்துத் தொலைவில் இருக்கிறது. சிவகங்கையில் தமிழக அரசின் டாமின் நிறுவனம் கிராஃபைட் தோண்டி, நுரைமிதப்பு முறையில் செறிவூட்டி, செதிள்களாக விற்கிறது. அதே மாவட்டத்தில் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 ஜனவரி 14 பொங்கல் நாளில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. கிராஃபைட் சுரங்கமும் மின்வேதியியல் ஆய்வகமும் ஒரே மாவட்டத்தில் அமைந்தது பெரிய வாய்ப்பு. இத்தனை ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரிப் பொருளாக ஊரறிய வெளிவராதது வருத்தம்.

அங்கே உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. பேட்டரி ஆனோடுக்குச் செதிளை உருண்டையாக உருட்டி, 99.95 சதவீதம் தூய்மையாக்க வேண்டும். உருட்டும்போது பாதியோ அதற்கு மேலோ நுண்தூளாகக் கழிந்துவிடும். அந்த நுண்தூளுக்கு நல்ல விலை இல்லை. கிராஃபீன் செய்பவருக்கு உருண்டை வேண்டியதில்லை, நுண்தூளே போதும். ஆனோடு ஆலையின் கழிவை வாங்கி, ஓரத்தை மட்டும் மாற்றி, அதே ஆலைக்குக் கடத்தும் சேர்மானமாகத் திருப்பி விற்பது, வெளியிலிருந்து விலையுயர்ந்த செதிளை வரவழைத்து அமிலத்தில் ஊறப்போடுவதைவிட மேலான கணக்கு.

விலை பேசும் முன் நம்பிக்கை. 2018-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு உலகெங்கும் 60 நிறுவனங்களின் ‘கிராஃபீன்’ தூளை வாங்கிச் சோதித்தது. பத்து அடுக்குக்குள் இருப்பதே கிராஃபீன் என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலான பைகளில் அது 10 சதவீதம்கூட இல்லை. மிச்சமெல்லாம் நுணுக்கிய கிராஃபைட். கிராஃபைட் நல்ல பொருள்தான், கிராஃபீன் விலைக்கு விற்கும்போதுதான் கசக்கிறது. முந்தைய ஆண்டே ஐ.எஸ்.ஓ. வரையறை வெளிவந்துவிட்டது: ஓர் அடுக்கு, ஈரடுக்கு, மூன்று முதல் பத்து வரை சில்லடுக்கு. அதற்கு அப்பால் இருப்பதைக் கிராஃபீன் என்று பையில் ஒட்டக் காரணமே இல்லை.

இதைச் சோதிக்கும் முறைக்கு அடிப்படையைக் கண்டுபிடித்தவரின் பெயரைத் தாங்கிய நிறுவனம் உங்கள் ஊரிலேயே, மேக்ரி சர்க்கிள் பக்கம் இருக்கிறது. திருச்சிக்காரர் சர் சி.வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல்தான் இன்று உலகெங்கும் கிராஃபீனின் முதல் சோதனை. தூளின்மேல் லேசரைப் பாய்ச்சினால் மூன்று முகடுகள் தெரியும். செ.மீ.⁻¹ அலகில் 1,350-க்கு அருகில் எழுவது ஏட்டின் குறைகளைக் காட்டும். 1,580-க்கு அருகில் இருப்பது கரிவலையின் முகடு. 2,700-ல் வருவதன் வடிவத்திலிருந்து அடுக்குகளை மதிப்பிடலாம். மின்னூட்டம் ஏறினால் இந்த முகடுகள் எப்படி நகரும் என்பதை இந்திய அறிவியல் கழகத்தில், ஆட்டோக்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் அதே வளாகத்தில், அனிந்த்ய தாஸும் அஜய் சூதும் கேம்பிரிட்ஜ் நண்பர்களோடு அளந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஏட்டில் நைட்ரஜன் ஏறியதா, போரான் ஏறியதா என்று ராமன் நிறமாலையை வைத்துப் பேசுபவர்கள் இன்றும் அந்தக் கட்டுரைக்குத்தான் போகிறார்கள். அதே வளாகத்தின் நானோ மையத்தில் கட்டணம் செலுத்தி வெளியாரும் சோதித்துக்கொள்ளலாம். ஒரு துளித் தூளில் ஒரு புள்ளியில் எடுத்த நிறமாலையைத் தகவல் தாளில் அச்சடிக்காதீர்கள். பையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுங்கள். ஆக்சிஜன் சதவீதத்துக்கு எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலை, பரப்புக்கு நைட்ரஜன் உறிஞ்சல், மிச்ச உப்புக்குச் சாம்பல் எடை. ராமனோடு இவை நான்கும் சேர்ந்தால்தான் அந்தக் கொள்முதல் பொறியாளர் பையைப் பிரிப்பார்.

பிரித்ததும் அவர் செய்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். தூளைச் செயல்பொருளோடும் பைண்டரோடும் கரைப்பானில் கலந்து ஸ்லரியாக்குவார். பரப்பு அதிகமுள்ள தூள் கரைப்பானை உறிஞ்சிக்கொண்டே போகும். வழிய வேண்டிய ஸ்லரி கரண்டியில் நிற்கும். கரைப்பானைக் கூட்டி இளக்கினால் செப்புத் தாளில் பூசி உலர்த்தும்போது வெடிப்பு விடும். இன்னொன்று, கிராஃபீன் ஏடு மின்சாரத்துக்குப் பாதை, லித்தியம் அயனிக்குச் சுவர். ஏட்டைத் துளைத்துக்கொண்டு அயனி போக முடியாது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பூச்சு தடிமனாக, சார்ஜ் வேகமாக இருக்கும்போது இந்தச் சுற்றுவழி வேலையைக் கெடுக்கும். அதனால்தான் தேர்ந்தவர்கள் கிராஃபீனை ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோ கார்பன் பிளாக்கோடு சேர்த்துப் போடுகிறார்கள். ஸ்லரி எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லாமல் தூளை விற்பவரிடம் அவர் திரும்ப வருவதில்லை.

சாம்சங்கின் ஆய்வு மையம் 2017 நவம்பரில் அறிவித்த ‘கிராஃபீன் உருண்டை’ நினைவிருக்கலாம். கொள்ளளவு 45 சதவீதம் கூடும், சார்ஜ் ஐந்து மடங்கு வேகமாகும் என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. சிலிக்கா துகளைச் சுற்றிக் கிராஃபீனை வளர்த்து, அதை நிக்கல் கேத்தோடின் மேல் மெல்லிய பூச்சாகப் போட்டிருந்தார்கள். பூச்சின் அளவு கேத்தோடின் எடையில் ஒரு சதவீதம். நல்ல ஆய்வு, ஆனால் அந்தப் பேட்டரியோடு இன்றுவரை ஒரு சாம்சங் ஃபோனும் கடைக்கு வரவில்லை.

கிராஃபீன் பேச்சும் கடைக்கு வரும் பொருளும் வேறாக இருப்பதற்குப் பெங்களூரிலும் ஓர் உதாரணம் உண்டு. 2015-ல் ரூர்கி ஐ.ஐ.டி.யில் கிராஃபீனை முன்னிறுத்திக் கிளம்பிய லாக்9 நிறுவனம் பெங்களூருக்கு வந்து, 2022-ல் ஜக்கூரில் செல் உற்பத்தி வரிசை தொடங்கியது. விரைவு சார்ஜுக்கு அங்கே கையில் எடுத்தது லித்தியம் டைட்டனேட்டை. வேலை முடிய வேண்டும் என்று பார்க்கும் பொறியாளர் எந்தப் பொருள் கைகொடுக்கிறதோ அதை எடுப்பார். கிராஃபீன்மேல் அவருக்குத் தனிப் பாசம் கிடையாது. அதே ஜக்கூரில், ராவ் நிறுவிய மையத்தில், பிரேம்குமார் செங்குட்டுவன் குழு 2025 மே மாதம் சோடியம் அயனி பேட்டரி ஒன்றை அறிவித்தது. ஆறு நிமிடத்தில் 80 சதவீதம் சார்ஜ் ஏறும், 3,000 சுற்றுக்கு மேல் தாங்கும். அதன் ஆனோடுத் துகளை நானோ அளவுக்குச் சிறுக்கவைத்து, மெல்லிய கரிப் பூச்சால் போர்த்தி, கொஞ்சம் அலுமினியம் சேர்த்திருந்தார்கள். துகளுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே நிற்கும் அந்த மெல்லிய கரி அடுக்குதான் உங்கள் சந்தை. சோடியம் செல் பெருகினால் அதற்கேற்ற கரிப் பூச்சுக்கும் கிராக்கி வரும்.

ஆகவே சில வேண்டுகோள்கள். முதலீட்டாளரிடம் மின்வாகனத்தின் மொத்தச் சந்தையைக் காட்டிப் பணம் கேட்பதை விடுத்து, ஒரே ஒரு செல் நிறுவனத்தின் ஒரே ஒரு ஸ்லரிக்கு ஏற்ற தூளைச் செய்து காட்டுங்கள். காயின் செல்லோடு நிற்காமல் கேத்தோடு எதிரே வைத்த முழு செல்லில் ஐந்நூறு சுற்றாவது ஓட்டுங்கள். பழுப்பு ஆக்சைடைக் கிலோ கணக்கில் உலர்த்தி அறையில் அடுக்கி வைக்காமல் தண்ணீரிலேயே கூழாக வைத்து விற்கப் பழகுங்கள். கழிவுநீர்க் கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும் முன் நீங்களே எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் 50 கிராம் எடுத்து, மூடி இறுக்கிய புட்டியில் தேதி எழுதி இரண்டு ஆண்டு வைத்திருங்கள். செல் முந்நூறாவது சுற்றில் சரியத் தொடங்கியது என்று வாடிக்கையாளர் ஃபோன் செய்வது தூள் அனுப்பி ஆறேழு மாதம் கழித்துத்தான். அன்றைக்கு அந்தப் புட்டி கையில் இருந்தால், குறை தூளிலா, அவருடைய எலெக்ட்ரோலைட்டிலா என்று இருவரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.